மகளுக்காகப் பதில் சொன்னவர்

துடியலூரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு மில் முதலாளி, டென்னிஸ் ஆடும் தன் மகளை அழைத்து வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, விரலில் சுழலும் கார் சாவி. நான் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும்.

வலது கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தோள் உயரம் வந்ததும் அவள் உதட்டைக் கடித்தாள்.

"வலிக்கலீங்க" என்றார் அவர்.

தினமும் இருநூறு சர்வீஸ் அடிக்க வைத்தாராம். தோளின் தசைநார் வீங்கியிருந்தது. ஆறு வாரம் சர்வீஸ் கூடாது, ரப்பர் பட்டையை இழுத்துத் தோளை வலுவாக்க வேண்டும் என்றேன்.

"வர்ற வாரம் டோர்னமென்ட்டுங்க. ரப்பர் இழுக்கச் சொல்றதுக்கா அம்மணி காலேஜெல்லாம் போனீங்க?"

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். சுருக்கென்றது.

"உங்க மில்லுல பேரிங் சூடானா என்னங்க பண்ணுவீங்க?"

"உடனே மிஷினை நிறுத்திப்போடுவேனுங்க. இல்லாட்டி ஷாஃப்டே போயிருமுங்க."

"இதுவும் அப்படித்தானுங்க."

"மிஷினுக்குத் தைரியம் கெடையாதுங்களே. எம் புள்ளைக்கு இருக்குதுங்க."

பேரிங்குக்குக் கிடைத்த கருணை, பெற்ற மகளுக்குக் கிடைக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார்கள். டோர்னமென்ட்டில் பாதி ஆட்டத்திலேயே வெளியேறியிருந்தாள். தலை வாரக்கூடக் கை எழவில்லை. அவர்தான் கோணல்மாணலாகப் பின்னிவிட்டிருந்தார். அவிழ்ந்த சடையை, சாவியை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி கட்டினார்.

"எப்படி இருக்குது கண்ணு?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் வாய் திறக்குமுன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வலிக்குதுங்க" என்றார் அவர்.