இரண்டு கலர் தூக்கி

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் மாமாவைக் கையில் பிடிக்க முடியாது. அம்மாவின் தம்பியான அவர், திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். மேடையில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்துக்கொள்ளும் தலைவர்கள் எல்லாரும் அவருடைய நீள மேஜையில், பனியன்களின் மேல், பக்கத்துப் பக்கத்தில் படுத்துக் காய்ந்துகொண்டிருப்பார்கள். மாமாவுக்கு எல்லாக் கட்சியும் ஒன்றுதான். தொழிலில் அவருக்கென்று ஒரே ஒரு கொள்கை இருந்தது. தலைவரின் போட்டோ எப்படி வந்தாலும் சரி, முகத்தை மட்டும் இரண்டு கலர் தூக்கித்தான் அடிப்பார். கறுப்பாக இருப்பவர் மாநிறம் ஆவார், மாநிறமாக இருப்பவர் சிவந்துவிடுவார். இது நானில்லை என்று இதுவரை எந்தத் தலைவரும் பனியனைத் திருப்பி அனுப்பியதில்லை என்பது மாமாவின் பெருமை. இன்னும் கொஞ்சம் தூக்குங்கள் என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு.

அந்தக் கொள்கையால் அப்பாவின் பனியன் கம்பெனிக்கு வந்த பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவிப் போகப் பார்த்தது. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஆர்டர் கொடுத்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த ஓர் அம்மா. திருப்பூரில் துணி வாங்கி அனுப்பும் அவருடைய ஊர்க்காரர் ஒருவர்தான் முதன்முதலில் அவரை அப்பாவிடம் கூட்டி வந்தார். அப்பா அவரை மேடம் என்று அழைத்ததால் எங்கள் எல்லாருக்கும் அவர் மேடம் ஆகிவிட்டார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் படிக்கவைக்கும் டிரஸ்ட் ஒன்றை நடத்திவந்தார். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் துணி வாங்க வந்தார். அப்பாவின் ஆங்கிலம் சைஸ், கலர், டெலிவரி என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடும். ஆகவே இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான் இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் என்னைப் பெரிய மனுஷியாக மதித்த ஒரே காலம் அது.

அம்மாவுக்கு டெலிவரி தேதியில் அக்கறை இல்லை, மேடத்தின் கதைதான் வேண்டும். கேட்டுச் சொல்லச் சொல்லி என்னை நச்சரித்தார். மேடம் இளவயதில் ரேடியோவில் செய்தி வாசித்தவர். அதன் பிறகு பல வருடம் சினிமாவில் நடித்திருக்கிறார். என்ன வேஷம் என்று அம்மா கேட்க, பெரும்பாலும் கொடுமைக்கார மாமியார் என்று பதில் வந்தது. அந்த நிமிஷமே அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் அம்மா கெஞ்சிக் கேட்டதற்காக, மேடம் கம்பெனியில் கட்டிங் டேபிள் முன்னால் நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு மருமகளைத் தன் மொழியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். டைலர்கள் எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்த அக்கா ஒருவர், எங்க அத்தையே இவங்ககிட்ட தோத்துருவாவ என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி மிஷினை ஓட்டினார். பெட்டிகளில் எந்த சைஸ் எத்தனை என்ற பட்டியலை மேடம் செய்தி வாசிக்கும் குரலில் படிப்பார். எங்கள் குட்டிச் சட்டைகளுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

எனக்கு மேடம் என்றால் உயிர். நான் அதுவரை பார்த்தவர்களிலேயே மிகக் கறுப்பானவர் அவர்தான். எங்கள் சொந்தத்தில் கறுப்பாகப் பிறந்த பெண்ணை யாரும் கறுப்பு என்று சொல்லமாட்டார்கள். நாகரிகமாக, முகம் நல்ல களையாக இருக்கிறது என்பார்கள். நான் ஊரறிந்த களையான பெண். அம்மா ஞாயிறு தவறாமல் எனக்குப் பயத்தமாவு பூசுவார், வீட்டுக்கு வரும் அத்தைமார் ஆளுக்கொரு கிரீம் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான், அதில் எனக்கு அன்று ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்றாவது முறை மேடம் வந்தபோது அவர் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார். பிரசாரத்துக்குப் பனியன் வேண்டும். வெள்ளைத் துணி, நெஞ்சில் அவருடைய முகம். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த ஆர்டருக்காகவே துணி எடுத்து, ஆள் சேர்த்து, மற்ற வேலைகளை வேண்டாமென்று சொன்னார். ஒரு பீஸ் அடித்துக் காட்டி, சரி என்ற பிறகு மீதியை அடிப்பதுதான் முறை. தேதி நெருக்கியதால் மேடம், போட்டோவில் இருக்கிற மாதிரி அடித்துவிடுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நம்பிச் சொல்லிவிட்டு, வேறு வேலையாக நான்கு நாள் மும்பைக்குப் போனார்.

மாமா இரண்டு பீஸ் அடித்தார். ஒன்று போட்டோவில் உள்ளபடி. இன்னொன்று அவருடைய கொள்கைப்படி. இந்த முகத்துக்கு இரண்டு கலர் காணாது என்று நான்கு தூக்கியிருந்தார். அப்பா துணிக்கடைக்குப் போயிருந்த நேரம். மாமா இரண்டையும் மேஜையில் விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, உனக்குத்தான் அவங்கள நல்லாத் தெரியும். எது நல்லாருக்குது, சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. வெளுத்த முகத்தின் மேல் விரலை வைத்தேன். அது அவ்வளவு அழகாக இருந்தது. இந்த முகத்தோடு போனால் அவர் கட்டாயம் ஜெயிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு என்னால் முடிந்த பரிசு ஒன்றைக் கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மேடம் வந்தபோது அத்தனை பனியனும் அடித்து, மடித்து, கட்டுக் கட்டாக நின்றன. மேல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தார். கையை நீட்டிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, இது யார் என்று மெதுவாகக் கேட்டார். அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கட்டிங்கும் தையலும் தன் பொறுப்பு, முகம் மச்சினன் பொறுப்பு என்று அவர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ணிப்போட்ட?"

"தப்பா ஒண்ணும் பண்ணலீங்க. செவப்பா இருந்தாத்தானுங்க சனம் ஓட்டுப் போடும். நம்மூர்ல அல்லாத் தலைவருக்கும் இப்படித்தானுங்க அடிக்கறோம்."

அதை மேடத்திடம் சொல்லச் சொன்னார் மாமா. சொன்னேன். மேடம் பனியனை மடித்துக் கட்டின் மேலேயே வைத்தார். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆர்டர் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று அவர் அம்மாவிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாகத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். இதைத் தேர்ந்தெடுத்தது நான்தான், நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, இதில் நீங்கள் அழகாக இருக்கிறீர்கள் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அது மேடத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமலே போயிற்று.

மேடம் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இன்றும் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"உன் மாமாவிடம் சொல். ரேடியோவில் இருந்தவரைக்கும் என் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. சினிமாவுக்குப் போனபோது, கதாநாயகி வேஷம் தருகிறோம், கொஞ்சம் வெளுத்துவிட்டு வா என்று ஒரு கிரீமைக் கையில் கொடுத்தார்கள். நான் பூசவில்லை. அதனால் இருபத்தாறு வயதிலேயே மாமியார் ஆகிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, நான் நடித்த மாமியாரைப் பார்த்து ஊரே நடுங்கியது. அன்றைக்கு விட்டுக்கொடுக்காத முகத்தை இன்றைக்கு ஓட்டுக்காக விட்டுக்கொடுக்கமாட்டேன். இதை அப்படியே சொல்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சாயக்கறை படிந்த விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கல்யாணத்துக்கு இப்போதிருந்தே பணம் சேர்க்கும் மாமா அவர். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"போட்டோல இருக்கற மாதிரியே வேற அடிச்சுத் தரச் சொல்றாங்க" என்றேன்.

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பியது. இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா என்று அம்மா மட்டும் சந்தேகமாகக் கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அப்பா ஓடிப்போய்த் துணி பிடித்து வந்தார். கம்பெனி முழுக்க நான்கு நாள் ஒரே பாய்ச்சலாக வேலை நடந்தது. மேடம் ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, மாமாவின் பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முகத்தை உள்ளபடியே அடித்த மாமா, முதல் பீஸ் காய்ந்ததும் எட்ட நின்று பார்த்துவிட்டு, கண்ணு ரெண்டும் நல்லா வந்துருக்குது என்றார். வெளுத்த முகம் அடித்த பனியன்களை டைலர்களும் அக்கம்பக்கத்தாரும் எடுத்துப்போனார்கள். ஒரு வருடம்வரை வீரபாண்டி டீக்கடைகளில் பாதிப் பேர் நெஞ்சில் யாரென்று தெரியாத சிவந்த அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். வடநாட்டு நடிகையா, புதுக் கட்சியா என்று விசாரித்தவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது.

அந்தத் தேர்தலில் மேடம் தோற்றார். போனில் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அப்பாதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் டிரஸ்ட் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்க வந்தபோது பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார். இப்போது அவருடைய மெயில்களுக்குப் பதில் எழுதுவது நான்.

அந்தத் தேர்தல் பனியன்களோடு அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, காரில் ஏறுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் சொன்னதை முழுதாகச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் என் தாடையைப் பிடித்துத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்லது என்று மட்டும் சொல்லிக் காரில் ஏறினார். தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு. மாமாவுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கவில்லையே என்ற உறுத்தல் மட்டும் வெகுநாள் இருந்தது. கட்டின் மேல் உட்கார்ந்து பேசிய அவ்வளவு நேரமும் அவர் ஒரு தடவைகூட மாமாவின் பக்கம் திரும்பவில்லை, என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கிறவளைப் பார்த்துத்தானே பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.