பாலாவி உப்பு வயலில் இருபத்தைந்து நிமிட மழை

போன ஆகஸ்ட்டில் எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. ஆலங்குடாவில் கடல் குளிப்பதுதான் திட்டம். கந்தோரில் பக்கத்து மேசைக்காரர், "புத்தளம் முடிஞ்ச ஊர், அங்க இறங்கி மினக்கெடாதீங்க" என்றார். ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் அதைச் செய்து பார்க்காமல் எனக்கு நித்திரை வராது. கற்பிட்டிக்குப் போகிற எல்லாரும் பாலாவிச் சந்தியில் இடது பக்கம் திரும்பிவிடுகிறார்கள். நான் திரும்பவில்லை.

புறக்கோட்டையில் காலை 5.15 பஸ். கட்டணம் 480 ரூபாய், தூரம் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். 9.10க்குப் புத்தளத்தில் இறங்கினேன். பசார்ப் பக்கம் பாதிக் கடைகளின் கதவு இறங்கியபடி கிடந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் பாணும் பருப்பும் பிளேன்டீயும் 240 ரூபாய். பருப்பில் உப்புக் குறைவு. கேட்டேன், வெளிநாட்டு உப்புப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உப்பு விளையும் ஊரில் வெளியிலிருந்து வந்த உப்பு! எனக்கு ஏனோ கோபம் வந்தது. காசு மேசையில் இருந்தவர் அமைதியாகச் சொன்னார்: இரண்டு வருடமாக மழை நேரம் தவறிப் பெய்து வயல்களைக் கரைத்துவிட்டதாம், வேலை செய்த ஆட்கள் பாதிப் பேர் வெளிநாட்டில்.

அந்த வயல்களைப் பார்க்க வேண்டும் என்று ஓட்டோ பிடித்தேன். பாலாவிப் பக்கம் ஆறு கிலோமீற்றர், 700 ரூபாய். சாரதி ரிஸ்வியின் ஒன்றுவிட்ட சகோதரி நஸீமா அங்கே வயல் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். இரண்டு போகம் தொடர்ந்து கரைந்து போனதில், அவருடைய கணவர் ஜவாத் கட்டாருக்குப் போக ஏஜென்ட்டிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டார். இந்த உப்புக் கைக்கு வந்தால் நிற்பார், இல்லாவிட்டால் திங்கட்கிழமை விசாவுக்கு மெடிக்கல். "இண்டைக்கு ரெண்டு பேருக்கும் சண்டை, வாயைத் திறக்காம பாத்துப்போட்டு வாங்க" என்றார் ரிஸ்வி. நான் வாயைத் திறக்காமல் இருந்த நாள் என் வீட்டாருக்கு நினைவில்லை.

10.40க்குப் போய்ச் சேர்ந்தோம். சண்டை இதுதான். பாத்தியின் அடியில் உப்பு படிந்திருக்கிறது, அதன் மேல் அரை அடி உப்புத் தண்ணீர் நிற்கிறது. தெற்கே வானம் கறுத்து வருகிறது. தண்ணீரை இறக்கிவிட்டு இன்றைக்கே வாரிவிடலாம் என்கிறார் ஜவாத். உப்பு இன்னும் இறுகவில்லை, மூன்று நாள் வேண்டும், மழை வந்தாலும் தண்ணீர் மேலே நிற்கட்டும் என்கிறார் நஸீமா. வரம்புக்கு அந்தப் பக்கம் ஹமீத் காக்கா என்ற பெரியவர் விடியவே தண்ணீரை வடித்துவிட்டார். அவருடைய உப்பு திறந்தபடி கிடந்தது, ஆட்கள் மூலையிலிருந்து வாரத் தொடங்கியிருந்தார்கள். "அவர் முப்பது வருசம் உப்புச் செய்த மனிசன், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று ஜவாத் கேட்டார். நஸீமா போய், தண்ணீரை அடைத்து நிற்கும் மடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார், இறக்க விடவில்லை. எனக்கும் ஜவாத் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

12.05க்கு மழை விழுந்தது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. ஹமீத் காக்காவின் ஆட்கள் ஓடிப் பாத்திக்குள் குதித்து வாரினார்கள். மிதிக்க மிதிக்கச் சேறு கிளம்பி, வெள்ளை உப்பு எங்கள் கண் முன்னாலேயே சாம்பல் நிறமாகிக் கரைந்தது. இந்தப் பக்கம் உப்பை மூட வைத்திருந்த தென்னோலைக் கிடுகுக் கட்டு ஒன்று காற்றில் பாத்திக்குள் விழுந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் காலை வைக்கப் போனேன்.

"கால் வைக்காதீங்க! ஒருத்தரும் இறங்கப்படாது!" என்று நஸீமா கத்தினார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தேன்.

பிறகுதான் ரிஸ்வி காதில் விளக்கினார். மழைத் தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் பாரம். கலக்காமல் விட்டால் மழை மேலேயே நிற்கும். மடையின் மேல் பலகை ஒன்றை மட்டும் தூக்கினால் அது தானாக வழிந்து போகும். நஸீமா மடையருகே குந்தியிருந்து, வழிகிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தபடியே இருந்தார். உப்புக் கரித்ததும் பலகையை இறக்கினார், மழை ஏறியதும் தூக்கினார். பக்கத்தில் ஜவாத் நனைந்தபடி நின்றார். 12.30க்கு மழை விட்டது. நஸீமா மெதுவாகக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி உப்பை எடுத்தார். கட்டியாக, வெள்ளையாக இருந்தது. ஜவாத் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஹமீத் காக்காவின் பாத்தியில் சேறுதான் மிச்சம். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டார். மறுபடி கடலோரக் களப்பிலிருந்து தண்ணீர் ஏற்றி வெயிலில் காய்ச்ச ஒன்றரை மாதமாவது வேண்டும், அதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

நஸீமாவிடம் இன்னொரு பாத்தி இருந்தது. அடுத்த விளைச்சலுக்கென்று ஒரு மாதமாக வெயிலில் வைத்து முற்றின தண்ணீர், இன்னும் இரண்டு கிழமையில் உப்பாகிவிடும். அதில் பாதியை ஹமீத் காக்காவுக்கு விடுவோம் என்றார். ஜவாத் வெடித்துவிட்டார். அது அவர்களுடைய இரண்டாவது போகம். நஸீமா குரலை உயர்த்தவில்லை.

"எங்கட உப்பு மட்டும் எண்டா ஒரு லொறிக்குக் காணாது. அரை லோட்டுக்கு எந்த யாவாரியும் இஞ்ச வரமாட்டான். போன வருசம் மூட்டையக் கட்டி வச்சிக்கொண்டு ரோட்டைப் பாத்தம், மறந்திட்டீங்களா? காக்காட வயலும் விளையோணும்."

ஜவாத் மண்வெட்டியை எடுத்துப் போய் வரம்பைத் தானே வெட்டினார். தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கும் சத்தத்தில் ஹமீத் காக்கா தலை தூக்கிப் பார்த்தார்.

நீங்களும் போவதென்றால் ஜூலை, ஆகஸ்ட்தான் நல்லது. விடிய 7 மணிக்குப் போங்கள், 10க்குப் பிறகு வெயிலில் கண் கூசும். தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கட்டாயம், அங்கே நிழல் இல்லை. கேட்காமல் பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், படம் எடுக்க என்றாலும் சரி. பாலாவிச் சந்தியில் ஆலங்குடாப் பக்கம் போகும் பஸ் அரை மணிக்கொன்று என்றார்கள், நான் ஐம்பது நிமிடம் நின்றேன். ஆலங்குடா அழகுதான். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புத்தளம் எழும்புமா என்று என்னைக் கேட்டால், ஒரு மழையைப் பார்த்துவிட்டு ஆமென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அடுத்த மழை இன்னும் மோசமாக இருக்கலாம். ஆனால் முடிந்த ஊர் என்று இனி யாராவது என் முன்னால் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

மூன்று கிழமை கழித்து நஸீமாவுக்குப் போன் எடுத்தேன். லொறி வந்ததா என்று கேட்டேன்.

"ஓம். ரெண்டு வயல் உப்பையும் ஏத்திக்கொண்டு போச்சு."

ஜவாத் கட்டாருக்குப் போய்விட்டாரா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"இல்ல," என்றார். "காக்காட வயல்ல நிக்கிறார். மழை வந்தாலும் வரட்டும் எண்டு களப்புத் தண்ணி ஏத்துறாங்க."