மலரக்காவின் இரண்டு அடுப்புகள்

நேற்றுப் பின்னேரம் காஸ் முடிந்துவிட்டது. வெளியில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினேன். ஈர விறகு, கேட்க வேண்டுமா? கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மகள் குடியியல் பாடக் கொப்பியோடு வந்தாள். மாவட்ட நிர்வாகம் எப்படி அமைந்திருக்கிறது என்று பெட்டி கீறி, கோடு போட்டுக்கொண்டு வரச் சொன்னாராம் ரீச்சர்.

"அம்மா, நீங்கள் கச்சேரியிலைதானே வேலை செய்தனீங்கள். டக்கெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

டக்கென்று சொல்வதாம்! மாவட்டச் செயலகத்தை எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கச்சேரி என்றுதான் சொல்வோம். அங்கே வேலை செய்த காலம் முழுக்க நான் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டு திரிந்த கேள்வியல்லவா அது. மேலே கொழும்பில் அமைச்சு, அதன் கீழ் மாவட்டத்துக்கு அரசாங்க அதிபர், அவருக்குக் கீழே பிரதேச செயலாளர், கடைசிப் படியில் கிராம அலுவலர். இது ஓர் ஏணி. இந்த ஏணிக்குப் பக்கத்திலேயே மாகாண சபை என்று இன்னோர் ஏணி நிற்கும். சில பள்ளிக்கூடம் இந்த ஏணி, சில பள்ளிக்கூடம் அந்த ஏணி. குளமும் அப்படித்தான், தெருவும் அப்படித்தான். நான் சொல்லச் சொல்ல மகள் கீறினாள், அழித்தாள், திரும்பக் கீறினாள். கொப்பி ஓட்டையாகிவிட்டது. "அம்மா, உங்களுக்கே தெரியாது போலை" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், கோபிக்க முடியுமா?

அந்தப் புகைதான் எனக்கு மலரக்காவைக் கொண்டுவந்தது.

முதல் நியமனம் கிடைத்து நான் போனபோது கச்சேரிக்கு என்று சொந்தமாய் ஒரு கட்டடம் இருக்கவில்லை. சண்டை முடிந்து சனம் முகாம்களிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த காலம். நீளமான ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் வரிசையாய் மேசைகள். ஒரு மேசை காணிக் கிளை, ஒரு மேசை கணக்குக் கிளை, ஒரு மேசை நிர்வாகம், கடைசி மேசை திட்டமிடல். நான் அந்தக் கடைசி மேசை. சுவர் இல்லாதபடியால் ஒருவரை ஒருவர் கிளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். "கணக்கு, கொஞ்சம் வாங்கோ" என்றால் ஒரு கண்ணாடிக்காரர் எழும்பி வருவார். காணி மேசையில் இருந்தவர் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து போய், நெடுங்காலத்தின் பின் திரும்பி வந்த முஸ்லிம் ஒருவர். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம், அவர் எங்களுக்குக் காணி நானா. நான் திட்டமிடல் தங்கச்சி. மத்தியானம் வெயில் ஏறினால் தகரம் கொதிக்கும். எல்லாக் கிளையும் மேசையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குக் கீழே போய்விடும். அப்போது எது எந்தக் கிளை என்று எங்களுக்கே பிடிபடாது. சனம் ஒரு மேசையில் கேட்ட கேள்விக்கு மற்ற மேசை பதில் சொல்லும். சும்மா சொல்லக்கூடாது, அநேகமாகச் சரியான பதிலாகத்தான் இருக்கும்.

அப்படியொரு மத்தியானம்தான் மலரக்கா வந்தார். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். தறப்பாள் சீலை இழுத்துக் கட்டின கொட்டிலுக்குள் இருக்கிறார்கள். மாரி வருவதற்கிடையில் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். "போன மாரிக்குப் பிள்ளையளை மேசையிலை ஏத்தி வச்சிட்டு விடிய விடிய நிண்டனான் தங்கச்சி" என்றார். வீட்டுத்திட்டம் திட்டமிடல் மேசை. ஆகவே என்னிடம் வந்தார். நான் அவருடைய கிராமத்தைக் கேட்டேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

அவருடைய காணி இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருந்தது. எல்லை என்றால் மதிலா, வேலியா? ஒரு பழைய வண்டில் பாதை. பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் மாவட்டம், அந்தப் பக்கம் பக்கத்து மாவட்டம். மலரக்காவின் காணி இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. ஊரே இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் பாதையைக் காடு மூடிவிட்டது. திரும்பி வந்த மலரக்கா கத்தியை எடுத்துக் காட்டை வெட்டினார். காணியோடு சேர்த்துப் பாதையையும் வெட்டித் துப்பரவாக்கி, எல்லாம் ஒரே வெளியாய்க் கிடக்க, நல்ல மேடான இடம் என்று நடுவில் கொட்டிலைப் போட்டுவிட்டார். மாவட்ட எல்லையைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்ட மனுசி எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

வீடு கொடுப்பதற்குக் குடும்பம் எந்த மாவட்டம் என்று தெரிய வேண்டும். குடும்பம் என்றால் என்ன? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள். சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. ஆகவே அடுப்பு எங்கேயோ, குடும்பம் அங்கே. இதைக் காணி நானாவிடம் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, காணி எங்கடை கிளை, வீடு உங்கடை கிளை. அடுப்பு ஆற்றை கிளை?" என்று திருப்பிக் கேட்டார். நான் நிர்வாகத்தைப் பார்த்தேன். நிர்வாகம் கணக்கைப் பார்த்தது. கணக்கு கண்ணாடியைத் துடைத்தது.

கிராம அலுவலரைச் சனம் இன்னும் விதானையார் என்றுதான் சொல்லும். எங்கள் பக்கத்து விதானையார் போய்ப் பார்த்தார். மலரக்கா சமைக்கும் குசினி, நாலு தடியும் தென்னோலைக் கிடுகும், கொட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "நீங்கள் அவையின்ரை ஆள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நல்ல மனுசன்தான், பொய் சொல்லத் தெரியாது. மலரக்கா என்ன செய்தார்? அடுத்த நாளே குசினியைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டார். அடுப்புக்கல்லையும் உருட்டிக்கொண்டு வந்தார். நட்டு முடித்த கையோடு அந்தப் பக்கத்து விதானையார், தன் பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கிறதாமே என்று சைக்கிளில் வந்து இறங்கினார். பார்த்தால் அடுப்பு இல்லை. வெறும் சாம்பல். அவரும் போய்விட்டார். அவர் வந்துபோனதைக் கேள்விப்பட்டு மலரக்கா குசினியைத் திரும்பவும் அந்தப் பக்கம் கொண்டுபோனார். சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லை என்பதுபோல, தொடங்கின இடத்திலேயே வந்து நின்றது.

இதையெல்லாம் அவர் வேப்பமரத்தடியில் வந்திருந்து சொல்வார். எங்களுக்குச் சிரிப்பு வரும். அவரும் சிரிப்பார். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார். மாரிக்கு அதிக நாள் இருக்கவில்லை.

கடைசியில், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே நாளில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. இரண்டு விதானைமாரும், அந்தக் கச்சேரியிலிருந்து ஓர் உத்தியோகத்தரும், எங்கள் பக்கத்தில் என் மேலதிகாரி, திட்டமிடல் சேரும், அவருக்குப் பின்னால் நானும். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே புகை மணந்தது. ஈர விறகுப் புகை. இந்தப் பக்கம் ஒரு குசினி, அந்தப் பக்கம் ஒரு குசினி. இரண்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றில் கேத்தில், மற்றதில் சோறு. மூத்த பிள்ளை ஒன்றை ஊத, இளையது மற்றதை ஊத, மலரக்கா நடுவில் ஓடித்திரிந்தார். எந்தப் பக்கத்து ஆட்களையும் மனம் நோகப் பண்ணக்கூடாது என்று நினைத்தாராம். எங்களுக்கு இந்தப் பக்கத்து அடுப்பில் தேத்தண்ணி, அவர்களுக்கு அந்தப் பக்கத்து அடுப்பில் சோறு.

எங்கள் சேருக்குத் தலை சுற்றியது. இரண்டு அடுப்பென்றால் இரண்டு குடும்பமல்லவா? இரண்டு குடும்பமென்றால் மற்றக் குடும்பம் எங்கே? அவர் மெதுவாகத்தான் கேட்டார். "அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறனீங்கள்?"

மலரக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஐயா, சமைக்கிறது நீங்கள் சொல்லுற பக்கம். படுக்கிறது அந்தத் தறப்பாளுக்குக் கீழை. மழை பெய்தால் ரெண்டு பக்கமும் ஒழுகும்."

தேத்தண்ணியைக் குடித்தோம். நல்ல தேத்தண்ணி. அதைக் குடித்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

எல்லையை நில அளவையாளர் வந்து அளந்து சொல்லட்டும் என்று இரண்டு பக்கமும் மேலே எழுதின. மேலே என்றால் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் ஏணியில் ஏறியதா, பக்கத்து ஏணியில் ஏறியதா, அது எனக்கு விளங்கவேயில்லை. அதற்கிடையில் மாரி வந்துவிட்டது. அந்த முறை மழை வானத்தைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தகரக் கொட்டகைக்குள் எல்லாக் கிளையும் கால்களைக் கதிரைமேல் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தது.

மழை விட்டபின் பதில் வந்தது. மலரக்கா எங்கள் மாவட்டம்தான். வீடு உண்டு. எனக்கு அப்போது வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. காணி நானா எழும்பி நின்று கை தட்டினார். குடும்பம் அங்கேதான் இருக்கிறது என்று ஒருமுறை உறுதிப்படுத்தினால் சரி. விதானையார் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். பின்னேரம் திரும்பி வந்தவர் என் மேசைக்கு முன்னால் தொப்பென்று இருந்தார்.

"ரெண்டு அடுப்பும் நூந்து, சாம்பல் சில்லிட்டுக் கிடக்குது பிள்ளை" என்றார்.

கொட்டில் விழுந்து, மலரக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓமந்தையில் இருந்த தமையன் வீட்டுக்குப் போயிருந்தார். ஓமந்தை இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது மாவட்டம். அடுப்பு எங்கேயோ, குடும்பம் அங்கே. ஆகவே எங்கள் பக்கத்தில் குடும்பம் இல்லை. அந்த வீடு வரிசையில் அடுத்து நின்றவருக்குப் போனது. அவரும் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்தான், அவரை என்ன சொல்ல?

பிறகு ஒருநாள் மலரக்கா வந்தார். அதே வேப்பமரத்தடி. ஓமந்தைப் பக்கத்தில் வீட்டுக்குக் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். கேட்டாராம். அங்கேயும் அடுப்பைத்தான் கேட்டார்களாம்.

"அங்கை அண்ணி சமைக்கிறா. நாங்கள் அண்ணன்ரை அடுப்பிலை சாப்பிடுறம். நாங்கள் குடும்பம் இல்லையாம் தங்கச்சி."

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

இப்போது கச்சேரி மாடிக் கட்டடம். கிளைக்கொரு அறை, அறைக்கொரு கதவு, கதவுக்கொரு பலகை. தகரக் கொட்டகை இல்லை. வேப்பமரத்தை வாகனத் தரிப்பிடத்துக்காக வெட்டிவிட்டார்கள். காணி நானாவும் உயிரோடு இல்லை, போன வருடம் மௌத்தாகிவிட்டார். கல்யாணம் முடித்து நான் வேலையை விட்டதும் பழைய கதை. விசுவமடுப் பக்கம் ஒரு சாவீட்டுக்குப் போய் வரும்போது அந்தப் பக்கம் இருந்த மலரக்காவின் காணியைத் தேடிப் பார்த்தேன். காடு திரும்பவும் மூடியிருந்தது. பாதையும் தெரியவில்லை, எந்தப் பக்கம் எந்த மாவட்டம் என்றும் தெரியவில்லை.

மகள் ஒருபடியாகப் படத்தைக் கீறி முடித்தாள். அடியில் கிராம அலுவலர், அதற்குக் கீழே கடைசிப் பெட்டி. அதற்குள் 'குடும்பம்' என்று எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள். சரியா என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்தேன். புகைந்து புகைந்து அது நூந்துபோய்க் கிடந்தது. கல் மூன்றும் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தன. குனிந்து திரும்பவும் ஊதத் தொடங்கினேன்.