நீலக் கொடிக்கு ஒரு சல்யூட்

கார் பந்தயத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். எந்த வளைவில் பிரேக் பிடிக்க வேண்டும், மழை வந்தால் எப்போது டயர் மாற்ற வேண்டும், முன்னால் போகிறவனை எந்தப் பக்கமாக முந்த வேண்டும் என்பதையெல்லாம் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்கள் யாரும் கேட்பதில்லை. நான் ஓட்டுவது ஸ்கூட்டர். அதில் சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்குப் போய், கணக்குப் பிரிவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தயம் இருந்தால் என் மனைவிக்கு டிவி கிடைக்காது. பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள்.

"சுத்திச் சுத்தி வந்து கெளம்புன எடத்துலயே நிக்கறதுக்கா இவ்ளோ சத்தம்?" என்பாள்.

அவள் பார்க்கும் சீரியலில் ஒரு மருமகள் எத்தனையோ மாதமாக அதே வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள் என்பதை நான் சொல்வதில்லை. சொன்னால் பஜ்ஜி நின்றுவிடும்.

பந்தயத்துக்குத் தவறாமல் வரும் இன்னொருவர் மனைவியின் பெரியப்பா. நான் மாமா என்று கூப்பிடுவேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் பென்ஷனுமாக ஊர் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். பிரெஞ்சில் சிப்பாய்க்கு அதுதான் பெயர். ராணுவத்தில் மாமா லாரியும் ஜீப்பும் ஓட்டினார். அதனால் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிற தகுதி எங்கள் வீட்டில் தனக்கு மட்டும்தான் என்பது அவர் முடிவு.

"வேகமாப் போறது ஓட்றது இல்ல மாப்ள. பின்னாடி உக்காந்திருக்கறவனுக்குத் தூக்கம் வரணும். அதான் ஓட்றது."

"அப்ப டிவியில வர்றவங்க?"

"அவனுங்களுக்கு என்னமோ அவசரம். பாவம்."

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒருமுறை லீவில் வந்தபோது எங்கள் இருவர் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஒரு முழுப் பந்தயமும் எங்கள் சண்டையைக் கேட்டாள். கடைசியில், "ரெண்டு பேரும் ஒரு தடவ ஓட்டித்தான் காட்டுங்களேன்" என்று போனை எடுத்தாள். காலாப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோ-கார்ட் ஓட்டுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். அடுத்த நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

மாமா இஸ்திரி போட்ட பேன்ட், பளபளக்கும் ஷூவோடு வந்தார். காரை மகள் ஓட்டினாள். முன் சீட்டில் மாமா. "பிரான்ஸ்ல ஹாரனே அடிக்க மாட்டாங்க" என்று ஆரம்பித்தார். ஒரு மாடு ரோட்டுக்கு வந்தது. "ஹாரன் அடி கண்ணு, அடி" என்றார். அதன் பிறகு வழி முழுக்க இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அங்கே தரையை ஒட்டிக் குட்டிக் குட்டி வண்டிகள் நின்றன. முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி மடங்கித்தான் உட்கார முடியும். மீசை வைத்த ஊழியர் ஒருவர் கொடிகளைக் காட்டி விளக்கினார். மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, ஒதுங்கி வழி விட வேண்டும். அப்போது மாமா ஹெல்மெட் வாரோடு போராடிக்கொண்டிருந்ததால் இது எதுவும் அவர் காதில் விழவில்லை. வார் மாட்டிய பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"இங்க வலது பக்கம் போவணுமா, இடது பக்கமா?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாம் சார்."

மாமா அதிர்ந்துபோனார். அங்கே வலது, இங்கே இடது என்று வாழ்ந்தவர் அவர். "அதெப்பிடி? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"உங்க இஷ்டம் சார்."

கொஞ்சம் யோசித்தார். "போன்" என்றார். பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். நடுவில் போவது என்று அவர் முடிவெடுத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயதில் பெரியவர் என்று மாமாவை முதலில் விட்டார்கள். அடுத்து நான். எனக்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், கடைசியில் என் மகள். என் மனைவி வேலிக்கு வெளியே போனில் வீடியோ எடுத்தாள்.

மாமா கிளம்பினார். தேர் கிளம்புகிற வேகம். பாதையின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் ஒரு வண்டி நுழைய முடியாத அளவுக்கு நேர்த்தியாகப் போனார். முதல் வளைவு வந்ததும் இடது கையை நீட்டி சிக்னல் காட்டினார். எனக்குப் பின்னால், ரயில்வே கேட் மூடினாற்போல ஒரு வரிசை சேர்ந்துவிட்டது.

"அங்கிள், ஓவர்டேக் பண்ணுங்க அங்கிள்!" என்று பையன்கள் கத்தினார்கள்.

எப்படிப் பண்ணுவது? மனைவி வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெரியப்பாவை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனால் அது ஒவ்வொரு கல்யாணத்திலும் ஓடும்.

மீசைக்காரர் நீலக் கொடியை ஆட்டினார். மாமா அதைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தினார். கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு முழு ராணுவ சல்யூட் வைத்தார். அடுத்த சுற்றிலும் கொடி ஆடியது, மறுபடியும் சல்யூட். அதற்கடுத்த சுற்றில் மீசைக்காரரே தன்னை அறியாமல் பதில் சல்யூட் வைத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருட சோபா அனுபவம் உள்ளே கொதித்தது. ஒரு வளைவில் மாமா வலது பக்கம் லேசாக நகர்ந்தார். இதுதான் சமயம் என்று இடது பக்கம் வண்டியை விட்டேன். அதே நொடியில் அவர் சிக்னலுக்காக இடது கையை நீட்டினார். கை நேராக என் ஹெல்மெட்டுக்கு எதிரே வந்தது. பயந்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. பையன்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்தார்கள். மகள் கடக்கும்போது சிரித்த சிரிப்பு எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மூன்று ஊழியர்கள் சேர்ந்து என்னை இழுத்து வெளியே எடுத்தபோது பந்தயம் முடிந்திருந்தது. மாமாதான் முதல். கடைசிவரை யாராலும் அவரைத் தாண்ட முடியவில்லை. பையன்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ அவரைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது மாமாவின் முகம் சிவந்திருந்தது. என்னவோ என்று பயந்து பக்கத்தில் போனேன்.

"மாப்ள, நான் ஓட்டுன காலத்துல பின்னாடி எப்பவும் ஒரு ஆபீசர் உக்காந்திருப்பான். 'மெதுவா, மெதுவா'ன்னே சொல்லிகினு வருவான். இன்னிக்குத்தான் பின்னாடி யாருமே இல்ல. என் இஷ்டத்துக்கு ஓட்டுனேன்."

யாருமே சொல்லாமல் இருந்தும் அதே வேகத்தில்தான் ஓட்டினீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "சூப்பரா ஓட்டுனீங்க மாமா" என்றேன். அப்படிச் சொன்னது பொய்யில்லை என்றும் தோன்றியது. இடுப்புதான் வலித்தது.

இரண்டு நாள் கழித்து பாரிஸிலிருந்து அவர் மகன் எனக்குப் போன் செய்தார். "அப்பாவ ரேஸ்ல எறக்கி உட்டீங்களாமே? ஏதாவது ஆயிருந்தா?" என்று ஒரே கோபம்.

"பயப்படாதீங்க மச்சான்," என்றேன், தைலம் தடவிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அவரு ஓட்டுனதுல யாருக்கும் ஒண்ணும் ஆவாது. பின்னாடி வந்த நான் வேணும்னா தூங்கிருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவோ, அடுத்த லீவுக்கு எப்போது வருகிறாய் என்று என் மகளிடம் கேட்கச் சொல்லி எனக்குத் தினமும் போன் செய்துகொண்டிருக்கிறார்.