ஒரு நாள் ஏறிய கொடி

புலம்பெயர்ந்து வந்த வோபர்னில் எங்கள் அடுக்குமாடிக் காவலாளி நெடிய, மெலிந்த மனிதர். கொடிக்கயிற்றைத் தொடுமுன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். மகாராணி இறந்ததும் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கியவர், மகனை அரசரென்று பிரகடனம் செய்த அன்று அதை உச்சிக்கு ஏற்றினார்.

“செத்தவீட்டுத் துடக்குக் கழிய முன்னமே பட்டங்கட்டோ, அண்ணை?” என்று கேட்டேன்.

“ராசாவின்ரை கதிரை வெறுமையாக் கிடக்கக்கூடாதாம், தங்கச்சி. எங்கடை அப்பர் செத்த அண்டைக்கும், இனி நீதான் வீட்டுக்குப் பொறுப்பெண்டு என்னை அழ விடேல்லை.”

துக்க நாட்கள் இன்னும் முடியாததால், உச்சியில் பறப்பது அந்த ஒரு நாள் மட்டும்தான். பொழுதுபடும்போது கொடியை மறுபடி அரைக்கம்பத்துக்கு இறக்கிக் கயிற்றைக் கட்டினார்.

“இனி அழலாம்” என்றார்.

யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தொப்பியை அவர் உடனே போட்டுக்கொள்ளவில்லை.