பெயர் வைக்காத பவளம்

தி.நகரில் எங்கள் துணிக்கடையின் மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவில், இருபத்து மூன்று வருடமாக நிற்பவள் சண்முகவடிவு அக்கா. நிற்பவள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் வேலையே நிற்பதுதான். கடை வேலையாட்களை உட்கார வைக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு ஸ்டூல் வந்தது. அதில் நான்தான் உட்காருவேன். அக்காவுக்கு உட்காரும் வழக்கமே விட்டுப் போயிருந்தது.

சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடித்தபோது அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு அவள் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மாம்பலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஏழாம் நம்பர் கட்டில்தான் அவள் வீடு.

அவளுக்கு ஒரு தனித் திறமை உண்டு. வெறும் பச்சை என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, இலைப்பச்சை என்றுதான் வரும். புடவையைப் பிரித்ததும் டியூப்லைட்டை நம்பாமல் படிக்கட்டுப் பக்க ஜன்னலுக்குக் கொண்டு போவாள். பகல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் அதன் கலரைச் சொல்வாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் கிளிஃபர்ட் சார் மகளின் கல்யாண வரவேற்புக்குப் பட்டு எடுக்க வந்தார். சாந்தோம்காரர். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி ஜோன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அவர் புடவையைப் பார்க்காமல், அக்கா சொல்லும் பெயர்களையே கேட்டுக்கொண்டிருந்தார். பாக்கு, வெங்காயச் சருகு, வாடாமல்லி. கடைசியில் பில்லை வாங்கிக்கொண்டு, "மேடம், உங்களுக்கு வாரத்துல எந்த நாள் லீவு?" என்றார்.

நான் அக்காவின் இடுப்பில் இடித்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "தப்பா நினைக்காதீங்க. வீட்லயே பவளம் வளர்த்து விக்கிறேன், மீன் தொட்டிக்கு. அதுங்களுக்குப் பேர் வைக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

எங்கள் லீவு செவ்வாய்க்கிழமை. முதல் தடவை துணைக்கு என்று சொல்லி வேடிக்கை பார்க்க நானும் போனேன். சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. முன்னறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலே நீல விளக்கு. உள்ளே பட்டன் அளவிலும் அப்பளம் அளவிலும் ஏதேதோ பளபளத்தன. ஒவ்வொன்றின் கீழும் அட்டை: டிராகன் டியர்ஸ், லாவா கிங், நியூக்ளியர் சன்செட்.

"இன்னா சார், எல்லாம் பட்டாசு பேரா கீது?" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வெளிநாட்ல எவனோ வைக்கிறதும்மா. பேர் சூடா இருந்தா விலையும் சூடா இருக்கும். ஒரே பவளம், பத்து கடையில பத்து பேரு."

நம் கடலிலிருந்து ஒரு துண்டுகூட எடுப்பதில்லை, எடுத்தால் குற்றம் என்றார். இவை எல்லாம் தொட்டியிலேயே வளர்ந்த மென்பவளங்கள். ஒன்றை வெட்டித் துண்டைக் கல்லில் ஒட்டினால் அது தனியாக வளரும். அவருக்கு ஒரு விதி இருந்தது. பெயர் இல்லாத பவளத்தை விற்க மாட்டார்.

"இன்னிக்கு இங்கேயிருந்து போயிடும். நாளைக்கு அது எப்படி இருக்குன்னு நான் கேக்கணும் இல்ல? பேர் இல்லாததை என்ன சொல்லிக் கேப்பேன்?"

அக்கா தொட்டியருகே குனிந்தாள். "அந்த நீல லைட்ட அணைங்க சார். ஜன்னலத் தொறங்க."

யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அணைத்தார், திறந்தார். கடற்கரை வெயில் உள்ளே வந்ததும் பாதி பவளங்கள் சாயம் போன உள்பாவாடை மாதிரி ஆகிவிட்டன. அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. டிராகன் டியர்ஸைக் காட்டி, "இது பாக்கு கலரு சார். ஓரத்துல மட்டும் வாடாமல்லி" என்றாள். அவர் பழைய அட்டையைக் கிழித்துப்போட்டு, 'வாடாமல்லிக் கரை' என்று எழுதினார். பிறகு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உட்காருங்க மேடம்" என்றார். அக்கா உட்கார்ந்தாள். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

அந்தப் பெயர்களைப் பார்த்து வாங்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பெயர் சொல்லியே கேட்டு வாங்கினார்கள். வெங்காயச் சருகு பெங்களூர் வரைக்கும் போனது. ஒரு வருடத்துக்குள் எல்லாத் தொட்டிக்கும் பெயர் வைத்தாயிற்று, ஒன்றைத் தவிர. வேறொரு பவளத்தின் கல்லில் தானாக முளைத்த பட்டன் அளவுப் பவளம் அது. அவர் கேட்டபோது அக்கா, "இன்னும் முழுசா விரியலை சார். விரியட்டும்" என்றாளாம். அடுத்த செவ்வாயும் அதையே சொன்னாள். அதற்கடுத்த செவ்வாயும் அதேதான். இப்படியே மேலும் இரண்டு வருடம் ஓடியது.

ஒருநாள் புடவை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அக்கா, அது சாசர் சைசுக்கு விரிஞ்சி கீது. பக்கத்துல மூணு குட்டி வேற போட்டுகீது. இன்னாத்துக்கு இந்தப் பொய்யி?"

அக்கா மடிப்பை நீவினாள். "பேர் வச்சிட்டா அப்புறம் எதைச் சாக்கு வச்சிட்டு நான் போவேன்?"

"அவராண்ட சொல்லிடேன்க்கா."

"என்னன்னு சொல்ல? அவரு மக கல்யாணத்த முடிச்ச மனுசன். ஞாயித்துக்கிழம தவறாம சர்ச்சுக்குப் போறவரு. எங்கூர்ல கேட்டா சிரிப்பாவ. ஒரு காப்பி குடுப்பாரு, குடிச்சிட்டு வருவேன். எனக்கு அது போதும்."

போதாது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நாளைக்கு நூறு புடவையைப் பிரித்துப் போட்டு எவளெவளையோ சம்மதிக்க வைக்கிறவளுக்கு, ஒருவரிடம் ஒரே ஒரு வாக்கியம் பேச வரவில்லை.

போன வருடம், கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போயிருந்த அவர் மகள் ஷெரிலுக்குக் குழந்தை பிறந்தது. அப்பா அங்கேயே வந்துவிட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். ஒரு மாதத்தில் தொட்டிகள் ஒவ்வொன்றாக விலைபோயின. அவர் கிளம்புவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அக்கா என் கையைப் பிடித்து, "நீயும் வாட்டி" என்றாள்.

முன்னறையில் ஒரே ஒரு தொட்டிதான் மிச்சம். அதில் அந்த ஒரே பவளம். அடையாறில் இருந்து வந்திருந்த, ஐ.டி.யில் வேலை பார்க்கும் ராம்குமார் என்ற பையன் மற்றதையெல்லாம் வாங்கி தெர்மாகோல் பெட்டியில் வைத்துவிட்டு இதற்காகக் காத்திருந்தான்.

கிளிஃபர்ட் சார் காலி அட்டையும் பேனாவுமாக வந்தார். "மேடம், இன்னிக்காவது பேர் சொல்லிடுங்க."

அக்கா பவளத்தையே பார்த்தாள். சொல்லு, எதையாவது சொல்லு என்று நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"வைக்க மாட்டேன் சார்."

"வைக்கலன்னா விக்க முடியாதே மேடம்."

"அதுக்குத்தான் வைக்கல."

அவருக்குப் புரிந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். கடைசியில், "ஷெரில் டிக்கெட் போட்டுட்டா மேடம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு அவரே தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லோடு அதை எடுத்து ராம்குமாரிடம் கொடுத்தார். "இதுக்குக் காசு வேணாம்ப்பா. பேர் இல்லாததை நான் விக்கிறதில்ல. சும்மா கொண்டு போ, ஒழுங்கா பாத்துக்கோ."

திரும்பி வரும் பஸ் லஸ் கார்னரைத் தாண்டுவதற்குள் அக்காவின் முந்தானை நனைந்துவிட்டது. "ஒரு பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். அந்த மனுசன் கையால கடைசியா ஒண்ணு எழுதியிருப்பாரு" என்று அழுதாள். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவள் விடுதியை விட்டு வெளியே போகவில்லை.

எட்டு மாதம் கழித்து, கூட்டம் அலைமோதிய ஒரு நாளில், ராம்குமார் மனைவியோடு எங்கள் பிரிவுக்கு வந்தான். அக்காவை உடனே அடையாளம் கண்டுகொண்டான். "மேடம்! சாந்தோம்ல பாத்தோமே!" என்றான். அவளை மேடம் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். எங்கள் பேட்ஜிலும் நம்பர்தான் இருக்கும்.

"அந்தப் பவளம் சூப்பரா இருக்கு மேடம். சார் அங்க போய் இறங்கின அன்னிக்கே அதுக்குப் பேர் அனுப்பி, லேபிள் ஒட்டச் சொல்லிட்டாரு. சண்முகவடிவுன்னு. இவ்ளோ நீளமா வச்சா எவன் சார் வாங்குவான்னு கேட்டேன். விக்கிறதுக்கு இல்லப்பா, கேக்கறதுக்குன்னாரு. செவ்வாய்க்கிழமை வந்தா போதும், மெசேஜ் வந்துடும்."

போனை நீட்டினான். அக்கா வாங்கவில்லை. அவள் கையில் நான்தான் வாங்கி வைத்தேன். வரிசையாக எட்டு மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. 'வடிவு எப்படி இருக்கா?' மூன்று வருடம் மேடம், மேடம் என்றே கூப்பிட்ட மனிதர். ஒவ்வொரு கேள்விக்கும் ராம்குமார் ஒரு போட்டோவும், 'நல்லா இருக்கு சார்' என்று ஒரு பதிலும் போட்டிருந்தான்.

அக்கா அந்தப் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்க ஜன்னலுக்குப் போனாள். முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றாள். நான் அவன் மனைவிக்கு முன்னால் கைக்கு வந்த புடவைகளைப் பிரித்துப் போட்டுச் சமாளித்தேன்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "தம்பி, இந்த வாரம் அவரு கேட்டாருன்னா நல்லா இருக்குன்னு போடாதீங்க. இன்னும் விரியலைன்னு போடுங்க."

"ஃபுல்லா விரிஞ்சிருக்கே மேடம்?"

"நீங்க அப்படியே போடுங்க. அவருக்குப் புரியும்."

பிறகு அவன் மனைவியின் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன கலரும்மா பாக்கணும்?" என்று கேட்டபடி என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.