பூவாயிக்குக் கிடைத்த பத்து மணி

நாயக் ரேங்கில் இருந்த நல்லமுத்து பட்டாளத்தை விட்டு வந்து வெகுகாலம் ஆகியும், பட்டாளம் அவரை விட்டபாடில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை. எங்கள் பழைய சுபேதார் தேவநாதன் எதிர்ப்பக்கம் போனால்கூட மனிதர் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார். நானும் அதே ரெஜிமெண்ட்தான். நான் இறங்கமாட்டேன்.

அவர் மனைவி பூவாயி அதே கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறவர். சர்க்கரை உடம்பு. 2007இல் காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல், சுண்டுவிரல் கறுக்கத் தொடங்கியது. ஏறவிட்டால் காலுக்கே ஆபத்து என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். எங்களைப் போன்ற முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கான ஆஸ்பத்திரி வெளியூரில் இருந்தது. ஆபரேஷன் டாக்டர் அங்கே வியாழக்கிழமை மட்டும் வருவார், மதியத்தோடு கிளம்பிவிடுவார்.

அதுவரை இந்த ஆஸ்பத்திரிகளில் ஊருக்கொரு சட்டம். ஓரிடத்தில் விடியற்காலை டோக்கன், இன்னோரிடத்தில் ஆர்டர்லியைத் தெரிந்தால் போதும். எங்கள் ஆஸ்பத்திரியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. டோக்கன் யார் கையில் இருந்தாலும், பெரிய ரேங்க் உள்ளே வந்தால் சின்ன ரேங்க் எழுந்து வழிவிடும். அந்த வருஷம்தான் எல்லா ஊருக்கும் ஒரே முறை என்று உத்தரவு வந்தது. போன் செய்து கம்ப்யூட்டரில் நேரம் வாங்க வேண்டும். அந்த நேரத்துக்கு உள்ளே போக வேண்டும். தவறினால் வேறு நாள்தான். சுபேதாரும் ஒன்று, சிப்பாயும் ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பூவாயிக்குப் பத்து மணி கிடைத்தது. பட்டாளத்து வழக்கப்படி வெகு முன்னாலேயே போய் உட்கார்ந்தார்கள். என் பிரஷருக்காக நானும் போயிருந்தேன். பூவாயி பேரைக் கூப்பிடுகிற நேரம் பார்த்து, முழங்கால் வலியோடு சுபேதார் நுழைந்தார். அவருக்குக் கொடுத்திருந்தது பதினொன்றரை. நல்லமுத்து விறைப்பாக எழுந்து நின்று, அவரையே போகச் சொன்னார். சுபேதாரும் பழக்கதோஷத்தில் போய்விட்டார். அவர் வெளியே வந்ததும் பத்தேகால்காரர் உள்ளே போனார். கடைசிவரை ஆள் இருந்ததால் பூவாயியை அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள். நான் கத்திப் பார்த்தேன், கம்ப்யூட்டர் காதில் விழவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. இங்கே பூசாரி, கட்டிய புருஷன்.

அடுத்த வியாழன் மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். பத்து மணிக்குப் பூவாயியைக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரேயைக் காட்ட வந்திருந்த சுபேதார் கதவோரம் நின்றிருந்தார். நல்லமுத்து பாவி, மறுபடியும் விறைத்து நின்று வழிவிட்டார்.

பூவாயி பெஞ்சைப் பிடித்து எழுந்தார்.

“அவரு உங்களுக்குத்தான் சுபேதாரு, என் காலுக்கு இல்ல. நீங்க நின்னுக்கிட்டே இருங்க. நான் போயிட்டு வரேன்.”

சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். நல்லமுத்து கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

போன வாரம் தாம் யாருடைய நேரத்தில் உள்ளே போனோம் என்பது சுபேதாருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிவிட்டது. தடியை ஊன்றி நிமிர்ந்தவர், பழைய பரேடு குரலில் சொன்னார்.

“நாயக் நல்லமுத்து, அந்தம்மா கூடப் போ.”

ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் மனிதர் உள்ளே ஓடினார். பெண்டாட்டி பின்னால் போவதற்கும் அவருக்கு ஓர் ஆர்டர் வேண்டியிருந்தது.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. போன வாரமே காட்டியிருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று நல்லமுத்து கேட்டாராம். சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். நடக்க முடிகிறதே, அது போதும் என்று பூவாயி பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போதும் இருவரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பேரைக் கூப்பிட்டதும் நல்லமுத்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். எதிரே நிற்பது யார் என்று தெரிந்துவிடக் கூடாதென்று, கதவு வரை தரையைப் பார்த்தே நடக்கிறார்.